பெங்களூரில் போப் ஐயர்

சென்ற கோடை விடுமுறைக்குப் பிறகு நம் ஞாயிறு தமிழ் வகுப்பு மறுபடி தொடங்கிய அன்று எனக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்ததில், நம் அன்பர்கள் பலரும் மேடையில் சொல்லி வரும் விஷயம் இது, எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அல்சூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். ஒரு காலத்தில் முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மாடிப்படியில்கூட உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ஒன்பது பேர். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் நான் ஒரே கதையைத்தான் சொல்வது வழக்கம். ஜி. யு. போப் என்னும் வெள்ளைக்காரப் பாதிரியார் தமிழின்மேல் காதல் கொண்டு, திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, கடைசியில் தம் கல்லறையில் தம்மைத் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கச் சொன்னார் என்பது அந்தக் கதை. சொல்லி முடித்ததும், "எங்கோ பிறந்தவருக்கு அவ்வளவு ஆசை இருந்ததே, நமக்கு?" என்று கேட்பேன். இந்த ஆண்டும் அப்படியே கேட்டேன்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். அதுல அப்படி எழுதலை சார்."

அவளுடைய தகப்பனார் வேலை நிமித்தமாக வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தில் இருக்கிறார். விடுமுறைக்கு அங்கே போனவள், சென்ற ஆண்டு என்னிடம் கேட்ட கதையை நினைவில் வைத்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கூட்டிப்போ என்று அப்பாவை நச்சரித்திருக்கிறாள். அவரும் ஒரு சனிக்கிழமை கூட்டிப் போய், புனித செபுல்கர் கல்லறைத் தோட்டத்தில் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்திருக்கிறார். அவள் அம்மாவின் கைப்பேசியில் அந்தப் படம் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். போப்பின் பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரிக் குருவாகவும் இருந்தவர் என்ற விவரம், பிறந்த நாள் 24-4-1820, இறந்த நாள் 11-2-1908. இவற்றின் கீழே, இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்று இருந்தது. 'தமிழ் மாணவன்' என்ற சொல் எங்குமே இல்லை.

அப்படி எழுதும்படி அவர் யாரிடமாவது கேட்டுக்கொண்டாரா இல்லையா என்பதைக் கல் சொல்லாது. கல்லில் அது இல்லை என்பது மட்டும் உறுதி. நானோ இருபது ஆண்டுகளாக, நேரில் பார்த்தவன் போலச் சொல்லி வந்திருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் சிறுமியின் தாயார் தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க சார். ஸ்கூல்ல மூணாவது பாஷைக்கே நேரம் போதலை. இந்தக் கதைக்காகத்தான் அவ தமிழ் வகுப்புக்கு வந்துக்கிட்டு இருந்தா. இப்ப வீட்ல கேக்கறா, மத்ததெல்லாம் நிஜமான்னு" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஒன்பது எட்டாகிவிடுமோ என்ற கவலையை விட, அந்தக் கேள்வி நியாயமானது என்பதுதான் என்னை உறுத்தியது.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில், சாயர்புரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். சாயர்புரத்தில் போப் பெயரால் பள்ளியும் கல்லூரியும் உண்டு. 'போப் ஐயர்' என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே கேட்ட பெயர் என்பதால், அவரைப் பற்றி நான் தனியாக எதையும் தேடிப் படித்ததில்லை. அந்தச் சிறுமியால்தான் இரண்டு மாதம் நூல்நிலையத்தில் உட்கார்ந்தேன். படித்ததில் எனக்குப் பெரிய வியப்பு எது தெரியுமா? போப் ஐயர் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இதே பெங்களூரில் இருந்திருக்கிறார். நான் பஸ்ஸில் தினமும் கடந்து போன இடத்தில்! அதை ஒரு நாளும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கல்லைப் பற்றியே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இனி அவர் வரலாற்றுக்கு வருவோம்.

ஜார்ஜ் அக்லோ போப் பிறந்தது கனடாவில், பிரின்ஸ் எட்வர்ட் தீவில். அவருக்கு ஆறு வயதாகும்போது, 1826-இல், குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி பிளிமத் துறைமுகத்தில் குடியேறியது. ஆகவே அவரும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைதான். 'அக்லோ' என்பது தாய் வழிப் பெயர். தாயார் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர். கார்ன்வால் மக்களுக்கு ஒரு தனி மொழி இருந்தது. வேல்ஸ் மொழிக்கு அது தங்கை. 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அநேகமாக இல்லாமல் போனார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ஆர்வலர்கள் சிலர் ஏடுகளிலிருந்து அதை மறுபடி கற்றுப் பேசத் தொடங்கினார்கள். தாயின் ஊரில் ஒரு மொழி அணைந்துபோனதைப் பற்றிப் போப் என்ன நினைத்தார் என்று நான் எங்கும் படிக்கவில்லை. படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன், அவ்வளவே.

1839-இல், தம் பத்தொன்பதாம் வயதில், மெதடிஸ்ட் சபையின் ஊழியராகச் சென்னைக்கு வந்தார். பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார். தமிழ் இலக்கணம் கற்றது இராமானுசக் கவிராயரிடம். அந்நாளில் வெள்ளைக்காரர் பலருக்கு ஆசிரியராக இருந்த பெரும்புலவர் அவர். 1842 முதல் சாயர்புரத்தில் பள்ளியும் குருமார் பயிற்சியும் நடத்தினார் போப். 1850-களில் தஞ்சாவூர், அதன்பின் உதகமண்டலத்தில் ஒரு பள்ளி. கேள்வி-பதில் முறையில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல்களைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நெடுங்காலம் படித்தார்கள். வெளிநாட்டார் தமிழ் கற்பதற்கென்று எழுதிய கைந்நூல் பல பதிப்புகள் கண்டது.

1871-இல் பெங்களூருக்கு வந்தார். பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பு. கல்கத்தா பிஷப்பாக இருந்து 1866-இல் ஆற்றில் விழுந்து மூழ்கி இறந்த காட்டன் என்பவரின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. 1865-இல் பெட்டிக்ரூ பாதிரியார் தொடங்கியது. போப் வந்த சமயம் பள்ளி நல்ல நிலையில் இல்லை. இப்போது செயின்ட் மார்க்ஸ் ரோட்டில் நாம் பார்க்கும் இடத்துக்கு அது வந்ததும், நிமிர்ந்து நின்றதும் அவர் காலத்தில்தான். இன்றும் அங்கே மாணவர் இல்லங்களில் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. ஹோசூர் ரோடும் ரிச்மண்ட் ரோடும் சேரும் இடத்தருகே மரங்களுக்கு நடுவே ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் என்று சிறிய கல் கட்டடம் ஒன்று நிற்கிறதே, அதன் தொடக்க ஆண்டுகளில் குருவாக ஊழியம் செய்தவரும் அவரே. அந்த வழியாக ஓசூர் பஸ் பிடிக்கப் போன நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காட்டன் பள்ளி ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. அங்கே பாடமெல்லாம் ஆங்கிலமும் லத்தீனும். தமிழுக்கு அங்கே வேலையில்லை. சம்பளம் தமிழுக்காக வரவில்லை. கேட்க ஆளும் இல்லை. அப்படியிருக்க, இந்தியன் ஆன்டிகுவரி என்ற ஆராய்ச்சி இதழில் 1878 முதல் 1881 வரை திருக்குறளைப் பற்றிய குறிப்புகளைத் தொடர்ந்து எழுதினார். 1886-இல் வெளிவந்த அவருடைய குறள் மொழிபெயர்ப்புக்கு முன்னோடி அந்தக் குறிப்புகள்தாம். ஆக, உலகம் முழுவதும் போன அந்த ஆங்கிலக் குறள் முளைவிட்ட இடங்களில் நம் பெங்களூர் தண்டுப் பகுதியும் ஒன்று. பள்ளிக் கணக்கு, பிள்ளைகளின் சண்டை, கட்டட வேலை எல்லாம் போக மிச்சமான நேரத்தில் செய்த வேலை அது. பெற்றோர் என்னிடம் வந்து "நேரமில்லை சார்" என்னும்போது இனி இதைத்தான் சொல்லப்போகிறேன். கல்லறைக் கதையைவிட இது எனக்கு உபயோகமானது.

அவர் இங்கே இருந்த காலம் சாதாரணக் காலமும் அல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். மைசூர் ராஜ்யத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மக்கள் மடிந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதே ஆண்டுகளில் அதே தண்டுப் பகுதியில் வாழ்ந்த இன்னொருவரை நாம் மறக்கக் கூடாது. ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். கப்பன் பூங்காவில் சிவப்பாக நிற்கும் அட்டாரா கச்சேரி, அதாவது இன்றைய உயர்நீதிமன்றக் கட்டடம், அவர் ஒப்பந்தம் எடுத்துக் கட்டி 1868-இல் முடித்தது. அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார்? 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய ஆர்.பி.ஏ.என்.எம். கல்வி நிலையங்கள். நம் சங்க அன்பர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்தவர்கள். பஞ்ச காலத்திலும் அவர் செய்த உதவி பெரிது. ஒருவர் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டு ஓய்வு நேரத்தில் குறள் படித்தார். இன்னொருவர் நம்மவர் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார். எனக்கு யாரைப் பெரியவர் என்று கேட்டால், முதலியாரைத்தான் முதலில் சொல்வேன். போப்புக்குச் சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்தார்கள். முதலியாரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இரண்டு வரி தெரியாது.

போப்பின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் கதைதான் சொல்கிறேன் என்றாகிவிடும். ஆசிரியர் என்ற முறையில் அவர் மிகக் கடுமையானவர். அந்தக் கடுமையே அவர் காரியங்களுக்குத் தடையாயிற்று என்று உடன் ஊழியரான கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். (இதைப் படித்துவிட்டு வகுப்பில் குரலை உயர்த்துவதை நானும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். பிள்ளைகள் கவனித்ததாகத் தெரியவில்லை.) இன்னொன்று, திருவள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவர்களோடு பழகி அவர்கள் கருத்துகளைக் கேட்டிருப்பார் என்று போப் நினைத்தார். குறளின் காலத்தையும் கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையே என்று கீழே இறக்கினார். நம் அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. ஏற்கவும் முடியாது. நூலை எவ்வளவோ நேசித்தவருக்கும் தம் சமயக் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை. மொழிபெயர்ப்பையும் எதுகை ஓசையுள்ள ஆங்கிலப் பாட்டாகச் செய்தார். ஓசைக்காகச் சில இடங்களில் சொற்களைக் கூட்டிவிட்டார். ஒன்றே முக்கால் அடிக்குள் அடங்கியதை அவர் நீட்டும்போது நமக்குக் கொஞ்சம் ஆயாசமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் புத்தகத்தின் பின்பகுதியைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வேறொன்று புலப்படும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி, சொல் எந்தக் குறளில் வருகிறது என்ற அடைவு, இலக்கணக் குறிப்பு, தமக்கு முன் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் லத்தீனிலும் எல்லிஸ் துரை ஆங்கிலத்திலும் செய்த மொழிபெயர்ப்புகள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார். முன்னே போனவர்களை மறைக்கவில்லை. அந்தப் பின்பகுதி படிக்க விரும்பும் ஒருவனுக்காகச் செய்தது. மாணவன் என்ற சொல்லை யார் எந்தக் கல்லில் எழுதினால் என்ன, அந்த அடைவைச் செய்ய மாணவனால்தான் முடியும்.

1880-களின் தொடக்கத்தில் பெங்களூரை விட்டு இங்கிலாந்து திரும்பினார். 1884-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளர். 1893-இல் நாலடியார் வெளிவந்தது. திருவாசகம் வந்த கதையை அவரே முன்னுரையில் சொல்கிறார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவருக்கு நெருங்கிய நண்பர். ஓரிரவு இருவரும் கல்லூரி முற்றத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது திருவாசகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை அச்சிடத்தான் வேண்டும் என்றார் ஜோவெட். இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையா, முடிக்கும்வரை உயிரோடு இருப்பேன் என்பது என்ன நிச்சயம் என்றார் போப். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று ஜோவெட் தேற்றினார். ஜோவெட் 1893-இல் காலமாகிவிட்டார். போப் தம் எண்பதாவது பிறந்த நாளில், 24-4-1900 அன்று, திருவாசக முன்னுரைக்குத் தேதியிட்டார். அதற்கு மேலும் எட்டு ஆண்டுகள் இருந்தார்.

சிறுமி வேல்ஸிலிருந்து இன்னொரு செய்தியும் கொண்டுவந்திருந்தாள். அங்கே சாலைப் பலகைகளெல்லாம் இரண்டு மொழியில் இருக்கின்றனவாம். தரையில் வெள்ளைச் சாயத்தில் 'அராவ்' என்று எழுதியிருக்கிறதாம். 'மெதுவாக' என்று அர்த்தம். "இங்கிலீஷ் பக்கத்துலயே இருக்கு சார், இருந்தாலும் விடலை" என்றாள். எனக்கும் ஆவல் உண்டாகி, நூல்நிலையத்தில் அதையும் கொஞ்சம் தேடினேன்.

வேல்ஸ் மொழி பிழைத்ததில் அவர்களுடைய குருமாருக்குப் பெரிய பங்கு. 1588-இல் வில்லியம் மார்கன் என்ற கிராமத்துக் குரு முழு வேதாகமத்தையும் வேல்ஸ் மொழியில் தந்தார். தங்கையான கார்ன்வால் மொழிக்கு அப்படி ஒரு நூல் கிடைக்கவில்லை. பிறகு 1731 வாக்கில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற குரு சுற்றுப் பள்ளிகள் தொடங்கினார். ஓர் ஊரில் சுமார் மூன்று மாதம் பள்ளி நடக்கும். பெரும்பாலும் குளிர்காலத்தில், வயலில் வேலை குறைந்திருக்கும்போது. பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். வாசிக்கத் தெரிந்ததும் பள்ளி அடுத்த ஊருக்குப் போய்விடும். 1761-இல் அவர் இறப்பதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இப்படி நடந்தன. எல்லாம் தாய்மொழியில், எல்லாம் வாசிப்பதற்கு மட்டும். இதைப் படித்தபோது எனக்கு ஒரு புத்தி வந்தது. நாம் ஆண்டு முழுவதும் வகுப்பு என்று போட்டு, பள்ளித் தேர்வு வந்தால் ஆளே இல்லாமல் போகிறதே, மூன்று மாதம் மட்டும் என்று வைத்தால் என்ன?

எல்வெட் லூயிஸ் என்று இன்னொரு குரு. நல்ல கவிஞர். அவர்களுடைய தேசியக் கவிதை விழாவில் பரிசுகள் வென்று, பின் அந்த விழாவின் தலைமைக் கவியாகவும் இருந்தவர். 1904 முதல் 1940 வரை அவர் ஊழியம் செய்தது வேல்ஸில் அல்ல, லண்டனில், பிழைக்கப் போன வேல்ஸ் மக்களின் சபையில். தாமஸ் ஜோன்ஸ் என்பவர் 1841-இல் நம் நாட்டுச் சிரபுஞ்சிக்கு வந்து காசி மொழிக்கு எழுத்து முறை வகுத்தார். தம் வேல்ஸ் மொழியின் எழுத்துக்கூட்டலையே அதற்குக் கொடுத்தார். அவர் வந்த ஜூன் 22-ஆம் தேதியை மேகாலயாவில் இப்போது அரசே கொண்டாடுகிறது.

இவர்களுடைய வரலாறெல்லாம் எப்படி நமக்குக் கிடைக்கிறது? 1751-இல் லண்டனுக்குப் பிழைக்கப் போன வேல்ஸ்காரர்கள் சேர்ந்து கம்ரொடோரியன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். நம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையது 1950-இல் தோன்றியது, அவர்களுடையது இருநூறு ஆண்டு மூத்தது. அந்தச் சங்கம்தான் வேல்ஸ் பெருமக்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியை 1953-இல் தாய்மொழியில் வெளியிட்டது. ஆங்கிலப் பதிப்பு 1959-இல் வந்தது. வேல்ஸ் மொழியில் முதலில், ஆங்கிலத்தில் பிறகு என்பதைப் பாருங்கள். அரசர், தளபதிகளைவிடக் குருமாரும் கவிஞரும் பள்ளி ஆசிரியருமே அதில் மிகுதி. ஊரை விட்டு வந்தவர்கள், ஊரில் இருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்தார்கள்.

நம் ஊர்க் கன்னட நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டல் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1853-இல் வந்து, ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதியை 1894-இல் முடித்தார். மேயோ ஹாலருகே அவருக்குச் சிலை வைத்து, ஆஸ்டின் டவுனுக்கே கிட்டல் நகர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பி. எல். ரைஸ், பாதிரியாரின் மகன், 1837-இல் பெங்களூரிலேயே பிறந்தவர். மைசூர் ராஜ்யத்தில் ஒன்பதாயிரம் அளவில் கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிட்டார். கன்னடம் என்றும் தமிழ் என்றும் அவர் பிரித்துத் தள்ளவில்லை. பெங்களூர், கோலார் தொகுதிகளில் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தை இன்றும் விரல் வைத்துத் தடவிப் பார்க்கலாம். 1991-இல் அல்சூர் ஏரிப் பக்கம் வைத்த வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்தபோது, "ஏன் சார் கட்டி வச்சிருக்காங்க?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் பதில் சொல்லத் திணறியதுண்டு. 9-8-2009 அன்று அது திறந்தது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். சர்வக்ஞர் யார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர் மூன்றடியில் சொன்னவர். நம்மவர் இரண்டடி. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கிறது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம், "நான் பார்க்காததைப் பார்த்தது போலச் சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது" என்றேன். ஒரு பையன், "அப்ப எங்களுக்கு இம்போசிஷன் கிடையாதா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்காமல், "கல்லுல தமிழ் நண்பர்கள்னு இருக்கே சார், அவங்க யாரு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஐயாயிரம் மைலுக்கு இங்கிருந்து பணம் அனுப்பிக் கல் வைத்தவர்களும் உண்டு என்றால், அது அவர் ஆசைப்பட்டதாகச் சொல்லப்படும் வாசகத்தைவிட நமக்குப் பெருமை தருவதல்லவா?

பிறகு ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். தங்கள் தெருவில் அல்லது குடும்பத்தில், பெங்களூருக்கு முதலில் வந்தவர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம். பெயர், ஊர், வந்த ஆண்டு, செய்த வேலை. விதி ஒன்றுதான். யார் சொல்லிக் கேட்டது என்று கீழே எழுத வேண்டும். தானே பார்த்ததானால் 'நான் பார்த்தேன்' என்று எழுத வேண்டும். தமிழில்தான் எழுத வேண்டும், பிழை இருந்தால் பரவாயில்லை.

இதுவரை ஏழு நோட்டுகள் வந்திருக்கின்றன. ஒருவருடைய கொள்ளுத்தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஒருவருடைய பாட்டி சிவாஜிநகர் மார்க்கெட்டில் பூக்கட்டி மூன்று பெண்களைப் படிக்க வைத்தவர். ஒருவருடைய முன்னோர் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து வந்தவர், ஆண்டு தெரியவில்லை, பழைய பெட்டியில் பதக்கம் இருக்கிறது, 'நான் பார்த்தேன்'. சிறுமியின் தாயாரே ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். தமிழில் எழுதிப் பதினைந்து வருஷம் ஆயிற்று என்று மேலே ஒரு குறிப்பு. 'ழ'கரம் எல்லாம் 'ள'கரமாக இருந்தது. நான் திருத்தவில்லை.

மூன்று மாத வகுப்பாகவே இனி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பள்ளித் தேர்வுகள் முடிந்த மறு ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, காட்டன் பள்ளி வாசலில் கூடி, ஆல் செயின்ட்ஸ் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் தொம்மலூர் கோயிலுக்குப் போவோம். பெரியவர்களும் வரலாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கோயில் சுவரில் எழுத்துகளின்மேல் சுண்ணாம்போ சாக்பீஸோ தடவ வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டி வாருங்கள்.